வலி மாத்திரைக்குப் பிறகு நாய்க்குக் கறுப்பாக மலம் போகிறது, காத்திருக்கலாமா?

குலசேகரத்துக்காரன்:
எங்கள் மணிக்கு ஒன்பது வயது. லேப்ரடார், 28 கிலோ. விடியக்காலை ரப்பர் வெட்டப் போகும்போது என் நெற்றி டார்ச் வெளிச்சத்தில் முன்னால் ஓடுவான். மழை தொடங்கியதும் பின்னங்கால் விறைத்து, திண்ணையிலிருந்து எழும்பவே சிரமப்பட்டான். மருத்துவர் மூட்டுத் தேய்மானம் என்று சொல்லி, ஐந்து நாளைக்கு மெலாக்சிகாம் சொட்டு மருந்து தந்தார். மூன்றாம் நாளே படியேறினான். மருந்து தீர்ந்ததும் கடையில் பெயரைச் சொல்லிக் கேட்டேன், மனிதருக்கான 7.5 மில்லிகிராம் மாத்திரை கொடுத்தார்கள். அதே பெயர்தானே என்று ஆறு நாளாகத் தினம் ஒன்று, வெறும் வயிற்றில் கொடுத்துவிட்டேன்.

நேற்றிலிருந்து மரச்சீனியும் சாளையும் வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறான். இரண்டு தடவை வாந்தி. மலம் தார்போல ஒட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை கோழி ஈரல் தின்றான், அதுதான் என்கிறாள் அம்மா. இரண்டு நாள் பார்க்கலாமா?

தக்கலை அக்கா:
தம்பி, அடுத்த மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு மெலாக்சிகாம் முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அப்புறம் தினம் 0.1தான். உங்கள் மணியின் எடைக்குத் தினம் 2.8 மில்லிகிராம் வரும். நீங்கள் கொடுத்தது அதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். வலியை அடக்கும் இந்த மருந்து, வயிற்றின் உள்தோலைக் காக்கும் சுரப்பையும் சேர்த்தே அடக்கிவிடும். சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தமும் குறையும். வயிற்றில் புண் வந்து கசிகிற இரத்தம், செரித்து வெளியே வரும்போது கறுத்துவிடும்.

ஈரல் தின்றாலும் மலம் கறுக்கும், அம்மா சொன்னது தப்பில்லை. ஒரு வெள்ளைத் தாளில் கொஞ்சம் தடவி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஓரத்தில் செம்மை பரவினால் இரத்தம். மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு வெளுத்திருந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தாள் சிவக்காவிட்டாலும், சாப்பிடாமல் வாந்தி எடுக்கிறவனை இன்றே காட்ட வேண்டும்.

கொல்லங்கோடு கடற்கரை:
அண்ணே, சொறிக்கு என்று பிரட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு ஏதும் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்தால் புண் சீக்கிரம் வரும். எங்கள் செவலைக்கு நான் மனிதருக்கான இபுபுரூஃபன் வலி மாத்திரை கொடுத்தேன். ஒரே தாகம், மூத்திரமும் தண்ணீராகவே போனது. நல்லாத் தண்ணீர் குடிக்கிறானே என்று சும்மா இருந்துவிட்டேன். சிறுநீரகம் போய்க்கொண்டிருந்தது. காப்பாற்ற முடியவில்லை. மணியை இன்றே கொண்டுபோங்கள்.

குலசேகரத்துக்காரன்:
தாள் சிவந்தது, அக்கா. ஆட்டோ பிடித்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனேன். மாத்திரை அட்டையைக் காட்டியதும் மருத்துவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஸ்டீராய்டு கொடுக்கவில்லை, தம்பி. இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் கெட்டால் ஏறும் கிரியாட்டினின் ஏறவில்லை என்றார். குளுக்கோஸ் ஏற்றி, வயிற்றுப் புண்ணுக்கு ஒமெப்ரசோலும் சுக்ரால்ஃபேட்டும் எழுதித் தந்தார். கால்வலிக்கு இப்போதைக்குக் காபாபென்டின். தூக்கம் வரும், நடை கொஞ்சம் தள்ளாடும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார்.

இது மூன்றாம் நாள். கஞ்சி குடிக்கிறான், மலத்தின் கறுப்பும் குறைந்திருக்கிறது. விடியக்காலை டார்ச்சைக் கையில் எடுத்ததும் எழும்பி வாலை ஆட்டினான். கட்டிப்போட்டுவிட்டுத்தான் காட்டுக்குப் போனேன்.