கிளிமீனுக்கு 'இறுதிக் கட்டம்' வேணாமே

எல்லாருக்கும் வணக்கம்,

கிளிமீன் படங்களுக்குக் கீழ போடறதுக்கான தமிழ்ச் சொல் பட்டியல்ல டெர்மினல் ஃபேஸுக்கு, அதாவது மீன் வளந்து நிறம் மாறினப்புறம் இருக்கற நிலைக்கு, "இறுதிக் கட்டம்"னு ஐயா போட்டிருக்கறத பாத்தேன். ஆஸ்பத்திரில டாக்டர் கைய விரிக்கிற மாதிரி இருக்குங்க :-) மீன் அப்பதான் ஜம்முனு இருக்கு. கரீபியன் கடல்ல ஸ்டாப்லைட் கிளிமீன்னு ஒண்ணு, மொதல்ல உடம்பு பழுப்பு, வயிறு செக்கச்செவேல்னு, அங்கங்க வெள்ளைச் செதில், அதே பொண்ணு பிற்பாடு ஆணா மாறிடுச்சுன்னா மேலெல்லாம் பச்சை, செவுளோரம் பொட்டு வச்சாப்ல மஞ்சள், வால் தொடங்கற எடத்துலயும் மஞ்சள். ரெண்டும் ஒரே மீன்னு சத்தியம் பண்ணாலும் நம்ப முடியாது. 18ம் நூற்றாண்டு ஆளுங்களும் நம்பல, தனித்தனி இனம்னு ஆளுக்கொரு பேர் வச்சுட்டாங்க.

மொத நிறத்துக்கும் மாறின நிறத்துக்கும் "பெண்நிலை, ஆண்நிலை"ன்னு வச்சா சுருக்கமாத்தான் இருக்கு, ஆனா தப்பாயிடும். அதே கடல்ல இருக்கற கோடு போட்ட சின்னக் கிளிமீன்ல பொறக்கும்போதே ஆணா பொறந்ததும் பெண்களோட அதே கோட்டுச் சட்டைய மாட்டிக்கிட்டு கூட்டத்துல கலந்து நிக்கும், முட்டை விடற நேரத்துலதான் குட்டு வெளிப்படும். அதுங்கள பெண்நிலைல சேக்கறதா?

நான் மொதல்ல சொன்ன "முன்நிறம், பின்நிறம்" வாபஸ். படத்துக்குக் கீழ போட்டுப் பாத்தேன், வீட்ல "தலை நிறமா வால் நிறமா"ன்னு கேட்டாங்க.

இப்ப தோணறது முதற்கோலம், முதிர்கோலம். வாசல் கோலத்தோட குழம்பும்னு சொல்வீங்க. மாப்பிள்ளைக் கோலம்னு சொல்றப்ப யாராச்சும் அரிசிமாவ நெனைக்கறோமா? நிறம், பருவம் ரெண்டுமே அதுல அடங்கிடுது, ஆணா பொண்ணாங்கற வம்பும் இல்ல.

வாய்க்குப் போட்டிருக்கற "அலகு"க்கு மறுப்பே கெடையாது. பல்லெல்லாம் ஒட்டிப்போய் கிளி மூக்காட்டம் ஆகி, பாறைய கொத்தி, தொண்டைப் பல்லுல அரைச்சு மணலா வெளிய விடற மீனுக்கு வேற என்ன சொல்றது.

"சளிக்கூடு"தான் இடிக்குது, சளின்னாலே ஜலதோஷம். சில கிளிமீனுங்க ராத்திரி தூங்கறப்ப வாயிலேருந்து கசியவிட்டு தன்னைச் சுத்தி கட்டிக்கற அந்தக் கண்ணாடிப் பை, ரத்தம் உறிஞ்சற குட்டிப் பூச்சிங்கள கிட்ட விடாதுன்னு 2011ல ஆய்வு வந்துச்சு, நம்மூர் கொசுவலை கணக்கா. மீன் கழுவறப்ப அம்மா சாம்பல் போட்டு தேய்ச்சு எடுக்கறதுக்கு பேரே வழும்புதானே, அப்ப "வழும்புக்கூடு"?

ஆட்சேபம் இருந்தா ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிடுங்க, படங்களுக்கு எழுத்து அடிக்கணும்.