மரத்தூள் கலந்த பிளாஸ்டிக் பலகை வெயில் மழைக்குத் தாங்குகிறதா? உங்கள் அனுபவம்

மேல்பூச்சு இல்லாத, மரத்தூளும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைதான் எங்கள் மாடித் தளத்தில் கிடக்கிறது. போடும்போது நல்ல பழுப்பு. முதல் கோடையிலேயே வெளிறிச் சாம்பல் தட்டிவிட்டது. பூந்தொட்டி இருந்த இடத்தில் மட்டும் பழைய நிறம் வட்டமாக நிற்கிறது. விரலால் தேய்த்தால் வெள்ளையாகப் பொடி ஒட்டுகிறது. இதைப் பார்த்ததும் பலகையே போச்சு என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். நான் ஒரு துண்டைக் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். மேலே மெல்லிய ஏடு அளவுக்குத்தான் வெளுப்பு, உள்ளே புதுப்பலகை மாதிரியே இருந்தது. மரத்தில் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருளை வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் சிதைக்கிறது, சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது, அப்புறம் அடியிலுள்ள நார் வெயிலுக்கு வருகிறது. பிளாஸ்டிக்கிலும் நுண்ணிய வெடிப்பு விழும். ஆனால் கதிர் ஆழமாக இறங்குவதில்லை.

* * *

நீங்கள் சொல்வது வெயிலுக்குச் சரி. எனக்குக் கவலை தண்ணீர்தான். எங்கள் பலகைகள் நடுவில் நன்றாகவே இருக்கின்றன. அறுத்த முனைகள்தான் உப்பிவிட்டன. ஓரத்தில் நகத்தை வைத்து அழுத்தினால் பள்ளம் விழுகிறது, ஸ்க்ரூவும் அங்கே பிடிப்பதில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் குடிக்காது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் எடையில் பாதிக்கு மேல் மரத்தூள் இருக்கும் பலகையில் துகளும் துகளும் தொட்டுக்கொண்டு கிடக்கும். ஈரம் அந்த வழியாகவே உள்ளே போய்விடும். நனையும்போது நார் உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது. இப்படியே மாறி மாறி நடந்தால் நாருக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள பிடி விட்டுப்போகும். பலகை வலுவிழப்பது பெரும்பாலும் இதனால்தான். மேலே வெளுப்பதால் விழும் வெடிப்புகளும் தண்ணீருக்குக் கதவைத் திறந்துவிடுகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

* * *

பூஞ்சையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? நிழலான பக்கத்தில் வரும் கரும்புள்ளிகள் பெரும்பாலும் மேலோட்டமானவை, சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும். அழுகல் வேறு விஷயம். மரத்துகளில் ஈரம் 20, 25 சதவீதத்தைத் தாண்டி நெடுநாள் தங்கினால்தான் அது வேலையைக் காட்டும். அப்படி ஆகாது என்றுதான் ஆரம்பத்தில் நம்பினார்கள். ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா நடைபாதைப் பலகைகளிலேயே அழுகல் பூஞ்சை பிடித்திருந்ததை 1998-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை காட்டியது. அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் பூஞ்சையைத் தடுக்கும் துத்தநாக போரேட் என்ற உப்பைச் சேர்க்கிறார்கள்.

நாங்கள் போட்டது சுற்றிலும் பிளாஸ்டிக் உறை ஏற்றிய வகை. நிறம் அவ்வளவாக மாறவில்லை. வாங்கும்போது பலகையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிலவற்றில் மேல்பக்கத்திலும் இரு ஓரங்களிலும் மட்டும்தான் உறை இருக்கும், ஈரம் அடியிலிருந்து ஏறும். உறை இருந்தாலும் அறுக்கிற இடத்தில் நார் வெளியே தெரியத்தான் செய்யும். முனைக்கு மூடி போடச் சொல்லுங்கள். தளத்துக்கு அடியில் காற்று போக இடம் விடுங்கள். பலகைக்குப் பலகை இடைவெளியும் முக்கியம். வெயிலில் நீளவாக்கில் இது மரத்தைவிட அதிகமாக விரியும், நெருக்கிப் போட்டால் முட்டிக்கொண்டு தூக்கிவிடும்.