கிரீன் கார்டு ஸ்பான்சர்ஷிப்: பெர்ம் ஃபைல் எங்கே சிக்குகிறது?

"கம்பெனியில் கிரீன் கார்டு ஆரம்பித்துவிட்டார்கள்" என்று ஒருவர் சொன்னால், எந்தப் படியில் நிற்கிறது என்று கேளுங்கள். முதல் படி பெர்ம்: அந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்க ஊழியர் கிடைக்கவில்லை என்று கம்பெனி விளம்பரம் செய்து காட்டி, அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் வாங்கும் சான்று. அந்த வேலைக்கான சம்பளத்தைத் துறை நிர்ணயிக்க 9141 படிவம் போயிருக்கிறதா, விளம்பரம் ஓடுகிறதா, பெர்ம் விண்ணப்பமான 9089 தாக்கலாகிவிட்டதா? வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் பிரயாரிட்டி டேட் 9089 தாக்கலாகும் அன்றுதான் விழும். அதற்கு முன்னால் எத்தனை மாதம் போயிருந்தாலும் கணக்கில் வராது.

விளம்பரக் கட்டத்தில் தேதிதான் காலை வாருகிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாளிதழ் விளம்பரம், மாநில வேலைவாய்ப்புத் துறையில் 30 நாள் ஜாப் ஆர்டர் (வேலை அறிவிப்பு), ஆபீஸில் தொடர்ந்து 10 வேலை நாள் நோட்டீஸ். இவை மூன்றும் முடிந்து 30 நாளாவது ஆகியிருக்க வேண்டும். எதுவும் 180 நாளைத் தாண்டியிருக்கக் கூடாது. பட்டதாரி வேலையென்றால் கம்பெனி இணையதளம், வேலை தேடும் தளம், ஊழியர் பரிந்துரை போன்ற பத்து வழிகளில் மூன்று கூடுதலாகச் செய்ய வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் விளம்பரம் 2026 மார்ச் 1, ஞாயிறு. ஜாப் ஆர்டர் மார்ச் 2 முதல் 31 வரை. மே மாதம் பிறந்த பிறகுதான் தாக்கல் செய்யலாம், ஆகஸ்ட் 28 தாண்டினால் முதல் விளம்பரம் காலாவதி. சம்பள நிர்ணயம் வருவதற்கு முன்பே அவசரப்பட்டு விளம்பரம் கொடுக்கும் கம்பெனிகள் இங்கேதான் மாட்டுகின்றன. நிர்ணயம் தாமதமானால் 180 நாள் ஓடிவிடும், விளம்பரத்தை மறுபடி போட வேண்டும்.

நோட்டீஸ் தாளைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. அதில் சம்பளத் தொகை இருக்க வேண்டும் (நாளிதழ் விளம்பரத்தில் கட்டாயமில்லை, இதில் கட்டாயம்), தொழிலாளர் துறை அதிகாரியின் முகவரி இருக்க வேண்டும், ஒட்டிய தேதியும் எடுத்த தேதியும் குறித்திருக்க வேண்டும். இடையில் அரசு விடுமுறை வந்தால் அதை எண்ணாமல் ஒரு நாள் கூடுதலாக விட்டுவைப்பதே பாதுகாப்பு. அந்த வேலைக்குக் கம்பெனி வழக்கமாக உள் இணையத்தில் ஆள் எடுக்குமென்றால், நோட்டீஸ் அங்கேயும் போக வேண்டும்.

* * *

மேலே சொன்ன விளம்பரத்தை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கிறவர்கள் 2021-ல் ஃபேஸ்புக்கும் 2023-ல் ஆப்பிளும் அமெரிக்க நீதித்துறையோடு செய்துகொண்ட சமரசங்களைப் பார்க்க வேண்டும். பெர்ம் வேலைகளைத் தங்கள் வழக்கமான இணையதளத்தில் போடாமல், தபாலில் விண்ணப்பம் கேட்டார்கள் என்பதே குற்றச்சாட்டின் மையம். ஃபேஸ்புக் 1.425 கோடி டாலர் வரை, ஆப்பிள் 2.5 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டன.

நான் சொல்ல வந்தது அனுபவக் கடிதம் பற்றி. சென்னை, பெங்களூரு கம்பெனிகள் தரும் ரிலீவிங் லெட்டரில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, "நன்னடத்தை", அவ்வளவுதான் இருக்கும். பெர்ம் முடிந்ததும் கம்பெனி குடியேற்றத் துறையில் போடும் ஐ-140 மனுவுக்கு இது போதாது. எழுதியவரின் பெயர், பதவி, முகவரி, நீங்கள் செய்த வேலையின் விவரம், முழுநேரமா என்பது, இத்தனையும் வேண்டும். "சீனியர் இன்ஜினியராக இருந்தார்" என்பதை வைத்து அதிகாரியால் எதுவும் செய்ய முடியாது. "2014 ஜூன் முதல் 2017 மே வரை முழுநேரமாக, ஜாவாவில் வங்கிப் பரிவர்த்தனைச் செயலிகளை வடிவமைத்து எழுதினார், ஆரக்கிள் டேட்டாபேஸைக் கையாண்டார்" என்றால் நிற்கும். 9089-ல் கேட்கும் ஒவ்வொரு திறமையும் ஏதாவது ஒரு கடிதத்தில் இருந்தாக வேண்டும்; அதுவும் பிரயாரிட்டி டேட்டுக்கு முன்பே கைவந்ததாக. ஸ்பான்சர் செய்யும் அதே கம்பெனியில் கற்றது பொதுவாகச் செல்லாது. முன்பு பார்த்த வேலை இப்போதைய வேலையிலிருந்து பாதிக்கு மேல் வேறுபட்டால் வாதாடலாம். பழைய கம்பெனி மூடிவிட்டதா? கூட வேலை பார்த்தவரின் பிரமாண வாக்குமூலத்தோடு சம்பளச் சீட்டுகளைச் சேர்த்துக் கொடுங்கள்.

இபி-2 (உயர்கல்வி தேவைப்படும் வேலைகளுக்கான கிரீன் கார்டு பிரிவு) கேட்பவர்களுக்கு இன்னொன்று. பட்டத்துக்குப் பின் 5 வருட அனுபவம் என்பதைப் பட்டமளிப்பு விழாவிலிருந்து எண்ணினால் ஒரு வருடமே போய்விடலாம். ப்ரொவிஷனல் சர்ட்டிஃபிகேட் தேதியை ஏற்கலாம் என்று 2017-ல் ஒரு முடிவு வந்திருக்கிறது. அதற்குள் எல்லாப் பாடங்களும் தேறி, பல்கலைக்கழகம் பட்டத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அந்தத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள். மூன்று வருட பி.எஸ்சி. மட்டும் வைத்து இபி-2 கேட்பது மிகக் கடினம். அதற்கு மேல் எம்.சி.ஏ. இருந்தால் நிலைமை வேறு.

* * *

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். பெர்ம் கட்டத்தின் வக்கீல் கட்டணமும் விளம்பரச் செலவும் முழுக்க முதலாளியுடையது. 2007-லிருந்து இதுதான் சட்டம். சம்பளத்தில் பிடிப்பது, "இரண்டு வருடத்துக்குள் விலகினால் பெர்ம் செலவைத் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதி வாங்குவது, இரண்டும் கூடாது. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

இடையில் வேலை மாறினால் என்னாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: ஐ-140 ஒப்புதலாகி 180 நாள் கடந்திருந்தால், கம்பெனி திரும்பப் பெற்றாலும் அதைக் காட்டி ஹெச்-1பி வேலை விசாவை வழக்கமான ஆறு வருட வரம்புக்கு மேல் நீட்டிக்கலாம். 180 நாளுக்குள் திரும்பப் பெற்றால் பிரயாரிட்டி டேட் தங்கும், நீட்டிப்பு உரிமை போகும். இரண்டிலும் புதுக் கம்பெனி பெர்மை முதலிலிருந்து தொடங்க வேண்டும். கிரீன் கார்டுக்கான கடைசி விண்ணப்பமான ஐ-485 போட்டு 180 நாள் ஆனவர்களுக்கு மட்டும், அதே மாதிரியான வேலையென்றால், சப்ளிமெண்ட் ஜே (புது வேலையை உறுதிசெய்யும் படிவம்) போதும். ஐ-140 மனுதாரர் கம்பெனிதான் என்பதால் ஒப்புதல் தாள் உங்கள் வீட்டுக்கு வராது. வேலையில் இருக்கும்போதே நகல் கேட்டு வாங்குங்கள், மறுத்தால் ரசீது எண்ணையாவது.

ஹெச்-1பி ஐந்தாவது வருடம் முடிவதற்குள் 9089 தாக்கலாகிவிடுவதே பாதுகாப்பு. அதற்கு நாலாவது வருடத்திலேயே மேனேஜரிடம் பேச்செடுங்கள்.

* * *

சின்னதாக ஒன்று. பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது நம் ஊரில் சாதாரணம். ஐ-485 நேரத்தில் அலையாமல், ஊருக்குப் போகும்போதே பதிவாளர் அலுவலகத்தில் பெயர் சேர்த்து வாங்கிவிடுங்கள். பதிவே இல்லையென்றால் கிடைக்கவில்லை என்ற சான்றும், பிறப்பை நேரில் அறிந்த இருவரின் வாக்குமூலமும் வேண்டும். அந்த இருவர் பெற்றோராகவே இருக்கலாம்.