கைப்பேசிச் செய்திகளை மட்டும் வைத்துச் சரக்குப் பணத்துக்கு வழக்குத் தொடுக்க முடியுமா?

கேள்வி: முந்திரி வியாபாரி, பண்ருட்டி

வணக்கம். முந்திரிப் பருப்பைத் தரம் பிரித்து மொத்தமாக விற்கும் சிறு தொழில் எங்களுடையது. புதுச்சேரி வியாபாரி ஒருவர் சில ஆண்டுகளாக எங்களிடம் சரக்கு எடுக்கிறார். ஒப்பந்தப் பத்திரம் எதுவும் எழுதிக்கொண்டதில்லை. விலை பேசுவதும் ஆர்டர் போடுவதும் வாட்ஸ்அப்பில்தான். சென்ற தீபாவளிக்கு முன் 320 எண் தரத்துக்குக் கிலோ 780 ரூபாய் என்று அனுப்பினேன். "ரேட் சரி, 80 டின் ஏத்திடுங்க" என்று பதில் வந்தது. பத்துக் கிலோ டின். வரி நீங்கலாக 6,24,000 ரூபாய். பில்லைப் படமெடுத்து அனுப்பியதற்குக் கட்டைவிரல் குறி போட்டார், பிறகு வங்கி வழியாக 2 லட்சம் செலுத்தினார். இப்போது, தொலைபேசியில் பேசிய விலை 700 ரூபாய்தான் என்கிறார். அந்தச் செய்தியைக் கடைப் பையன் அனுப்பியிருப்பான் என்றும் சொல்கிறார். நீதிமன்றம் இந்தச் செய்திகளை ஏற்குமா? வழக்கைக் கடலூரில் போடுவதா, புதுச்சேரியிலா?

பதில்: வழக்கறிஞர், கடலூர்

சரக்கு விற்பனைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் இல்லை. 1930 ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 5 ஆம் பிரிவு வாய்மொழி ஒப்பந்தத்தையும் ஏற்கிறது. மின்னணு வழியில் உருவானது என்பதற்காக ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. ஆகவே ஒப்பந்தம் செல்லுமா என்பதில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. அதை மெய்ப்பிப்பதில்தான் வேலை இருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63 ஆம் பிரிவுப்படி, செய்திகளை அச்சிட்டுத் தாக்கல் செய்தால் இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழும் வேண்டும்: முதற்பகுதியில் கைப்பேசியின் பொறுப்பாளரான நீங்களும், இரண்டாம் பகுதியில் ஒரு தொழில்நுட்ப வல்லுநரும் கையொப்பமிட வேண்டும், பதிவின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) அதில் இடம்பெறும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் கீழ் இச்சான்றிதழ் கட்டாயம் என்று 2014 இல் அன்வர் வழக்கிலும் 2020 இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூலக் கைப்பேசியையே நீதிமன்றத்தில் காட்டி அதன் உரிமையாளர் சாட்சியம் சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்பதும் அந்த 2020 தீர்ப்பில் இருக்கிறது. அதனால் அந்தக் கைப்பேசியை விற்கவோ, பரிமாற்றத்தில் கொடுக்கவோ வேண்டாம்.

"பையன் அனுப்பினான்" என்ற வாதத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. இதே எண்ணிலிருந்து வந்த முந்தைய ஆர்டர்களுக்கு அவர் பணம் கொடுத்திருக்கிறார் அல்லவா? அந்த எண்ணில் பேசுபவருக்கு அதிகாரம் உண்டு என்று நீங்கள் நம்பும்படி நடந்துகொண்டவர் அதற்குக் கட்டுப்பட்டவர். ஒப்பந்தச் சட்டத்தின் 237 ஆம் பிரிவைப் பாருங்கள்.

எனக்குச் சுவையாகப்படுவது அவருடைய 700 ரூபாய்க் கதைதான். அவர் கணக்குப்படியே 5,60,000 ரூபாய் ஆகிறது. கொடுத்தது போக 3,60,000 ரூபாய் பாக்கி. வக்கீல் நோட்டீஸுக்கு அவர் இதையே எழுத்தில் பதிலாகத் தந்துவிட்டால், ஒப்புக்கொண்ட தொகைக்கு மட்டும் முதலில் தீர்ப்புக் கேட்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 12 ஆம் கட்டளை, 6 ஆம் விதியில் இடமுண்டு. செய்தியை நான் அனுப்பவில்லை என்று ஒரு பக்கமும் விலை குறைவு என்று மறுபக்கமும் சொல்பவரைக் குறுக்கு விசாரணை செய்வது கடினமும் அன்று.

நீங்கள் சொன்ன விலைக்கு அவர் தந்த சம்மதம் பண்ருட்டியில் உங்களுக்கு வந்து சேர்ந்ததால், வழக்குக் காரணத்தின் (வழக்குக்கு அடிப்படையான நிகழ்வுகளின்) ஒரு பகுதி கடலூர் மாவட்டத்தில் எழுந்தது என்று வாதிட்டு வழக்கை இங்கேயே போடலாம். தொகை 3 லட்சத்துக்கு மேல் என்பதால் இது வணிக நீதிமன்ற வழக்கு. அவசர இடைக்கால நிவாரணம் கேட்காதவரை, முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மூலம் சமரசத்துக்கு முயல வேண்டும்.

பதில்: வரிக் கணக்காளர், புதுச்சேரி

வழக்கறிஞர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பண்ருட்டியிலிருந்து புதுச்சேரிக்குச் சரக்கு வந்தால் அது மாநிலம் கடந்த விற்பனை. பில்லும் இ-வே பில்லும் (சரக்கு அனுப்புவதற்கான மின்னணுச் சீட்டு) 780 ரூபாய் விலையில்தானே போட்டீர்கள்? அந்தப் பில் ஜிஎஸ்டி இணையதளத்தில் அவருடைய 2பி அறிக்கையில் (வாங்கிய பில்களின் வரி வரவுப் பட்டியல்) தெரிந்திருக்கும். அதன் மீது அவர் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைத் தாம் செலுத்தும் வரியில் கழித்துக்கொள்வது) எடுத்திருந்தால், விலையை மறுக்கும் அவருடைய வாய்க்கு அவர் கணக்கே எதிர்ச்சாட்சி. 180 நாட்களுக்குள் விற்றவருக்குப் பணம் தராதவர் எடுத்த வரவைத் திருப்ப வேண்டும் என்றும் விதி உள்ளது. அவர் திருப்பினாரா என்பதையும் நீதிமன்றத்தின் வழியாகக் கேளுங்கள். என்னைக் கேட்டால், இந்த வழக்கில் அரட்டைப் படங்களைவிட இதற்கே கனம் அதிகம்.

கேள்வியாளர்:

மிக்க நன்றி. கட்டைவிரல் குறியைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார்களா? அரட்டையை ஏற்றுமதி செய்த கோப்பு ஒன்றும் வைத்திருக்கிறேன்.

பதில்: வழக்கறிஞர், கடலூர்

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் 86 டன் ஆளி விதை ஒப்பந்தத்தின் படத்துக்கு விவசாயி ஒருவர் இட்ட கட்டைவிரல் குறியைக் கையொப்பமாகவே 2023 இல் நீதிமன்றம் ஏற்றது. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. அங்கும் இதே முறையில் முன்பு நடந்த வியாபாரங்கள்தான் கைகொடுத்தன. அத்தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது, மேற்கோளாகக் காட்டலாம். உங்களுக்கு "ரேட் சரி" என்ற எழுத்தே இருப்பதால், விரலைத் துணைச்சான்றாக மட்டும் வையுங்கள்.

ஏற்றுமதிக் கோப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதில் நீங்கள் சேமித்து வைத்த பெயர்தான் வரும், எண் வராது; எண் தெரியும் தொடர்பு விவரப் பக்கத்தையும் படமெடுத்துச் சேருங்கள். செய்திகள் தாமாக மறையும் அமைப்பு அந்த அரட்டையில் இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள். கொண்டு சேர்த்த செய்திகளை வாட்ஸ்அப் நிறுவனம் தன் சர்வரில் வைத்திருப்பதில்லை என்பதால், உங்கள் கைப்பேசியில் அழிந்தால் அங்கே போய்க் கேட்டுப் பயனில்லை. கடன் காலம் எதுவும் பேசவில்லை என்றால், சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். சமரசத்தில் கழியும் காலம் இந்தக் கணக்கில் சேராது.