அப்பாவின் கடிதத்தில் ஒரு பெயர், விசாவில் வேறு பெயர்: அவுஸ்திரேலியக் குடியேற்றத் திணைக்களம்

முருங்கைப்பூ (மெல்பேர்ண்):
அப்பா காலமானபின் அவருடைய பெட்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறேன். 1979இல் அவருக்கு வந்த கடிதத்தில் 'குடியேற்ற, இன விவகாரத் திணைக்களம்' என்று இருக்கிறது. 1999இல் அம்மம்மாவைக் கூப்பிட்டபோது வந்ததில் 'குடியேற்ற, பல்லினப் பண்பாட்டு விவகாரத் திணைக்களம்'. என் கணவருக்கு விசா தந்ததோ உள்துறைத் திணைக்களம். எல்லாம் ஒன்றுதானா? எப்போது தொடங்கியது?

பழையகப்பல்:
ஆள் ஒன்றுதான் பிள்ளை, சட்டைதான் மாறுகிறது. தனித் திணைக்களமாகத் தொடங்கியது 1945 யூலை 13இல். முதல் அமைச்சர் ஆர்தர் கால்வெல். போரில் வடக்கே டார்வின் நகரில் யப்பான் குண்டு போட்ட பயம் இன்னும் போகவில்லை. இவ்வளவு பெரிய நாட்டில் 70 இலட்சம் பேர்தான். ஆட்கள் வேண்டும், ஆனால் வெள்ளையராக இருக்க வேண்டும். 1947இல் போரில் வீடிழந்த பால்டிக் நாட்டவரைக் கப்பலில் கொண்டுவந்து பொனகில்லா முகாமில் இறக்கினார்கள்.

அதற்கு முந்திய கதைதான் எனக்கு இன்றும் நெஞ்சில் தைப்பது. 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேண்டாதவர் வந்தால் துறைமுகத்திலேயே ஒரு ஐரோப்பிய மொழியில் 50 சொல் வாசிப்பார்கள். அதைக் கேட்டு எழுத வேண்டும். எந்த மொழி என்பது உத்தியோகத்தரின் விருப்பம். 1909க்குப் பிறகு ஒருவரும் தேறவில்லை. 1934இல் எகோன் கிஷ் என்ற செக் எழுத்தாளருக்குப் பல மொழி தெரியும் என்பதால் ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழியில் வைத்தார்கள்! உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அந்தச் சோதனை 1958இல்தான் ஒழிந்தது.

நான் 1972இல் கொழும்பிலிருந்து வந்தவன். எனக்கு முன் வந்த பறங்கி நண்பன் (இலங்கையில் ஐரோப்பியர் வழிவந்தவன்), தானும் வெள்ளையர் வழி என்று காட்ட, பூட்டன் ஒல்லாந்தர் என்பதற்குக் காகிதம் தேடித் தேவாலயம் தேவாலயமாக அலைந்தான். 1966இல் பிரதமர் ஹரோல்ட் ஹோல்ட்டின் அரசு அந்த வெள்ளையர் விதியைத் தளர்த்தியதால் எனக்குப் படிப்புச் சான்றிதழே போதுமாக இருந்தது.

சிட்னிவாசி:
ஐயா சொன்னதோடு இதையும் சேருங்கள். பிரதமர் விட்லமின் அரசு 1973இல் குடியேற்ற விதியில் இருந்த இனப் பாகுபாட்டை நீக்கியது. அடுத்த வருடமே அதே அரசு இந்தத் திணைக்களத்தைக் கலைத்துத் தொழில் திணைக்களத்தோடு சேர்த்துவிட்டது. 1975 கடைசியில் பிரேசர் பிரதமராக வந்துதான் திரும்ப உருவாக்கினார். உங்கள் அப்பாவின் கடிதத்திலுள்ள பெயர் அப்படி வந்தது. உள்துறைக்குள் போனது 2017 டிசம்பரில். என்னைக் கேட்டால், குடியேறுகிறவரைப் பொலிஸ் விவகாரத்தோடு ஒரே கூரையின்கீழ் வைத்தது சரியில்லை.

முருங்கைப்பூ:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. கேட்டெழுதும் சோதனை பற்றி அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அவருடைய கோப்பு எங்கேயாவது கிடைக்குமா?

பழையகப்பல்:
தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள், பிள்ளை. நம்முடைய பெயர்களை அந்தக் காலத்தில் பலவிதமாக எழுதினார்கள். தகப்பன் பெயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டும் பாருங்கள்.