மானிப்பாய் வீட்டுக் கட் கிளாஸ் கிண்ணம்: அமெரிக்கச் சாமானா, சும்மா கதையா?

மானிப்பாய்ப் பேத்தி:

வணக்கம். அம்மம்மாவின் கண்ணாடி அலுமாரியில் ஒரு பெரிய கட் கிளாஸ், அதாவது சக்கரத்தில் கோலம் வெட்டின கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. வாய் எட்டு அங்குலம் வரும், ஒற்றைக் கையால் தூக்கினால் மணிக்கட்டு நோகும், அவ்வளவு பாரம். வெளிப்பக்கம் முழுக்க நட்சத்திரமும் விசிறியும்தான், விரல் வைக்க வெறும் இடம் கிடையாது. விளிம்பு வாள்ப்பல் மாதிரி. கூடவே ஒரு நீளத் தட்டு. 1995 போர்க்கால இடம்பெயர்வில் இரண்டையும் நெல் மூட்டைக்குள் புதைத்துவிட்டுப் போனார்களாம், திரும்பி வர அப்படியே இருந்ததாம்.

வீட்டுக் கதை என்னவென்றால், இது அமெரிக்க மிஷன் ஆஸ்பத்திரி டொக்டர் கிறீன் எங்கள் பூட்டனாருக்குக் கையால் கொடுத்த அமெரிக்கச் சாமான். கனடாவிலிருந்து வந்த மாமா "நல்ல விலை போகும், வித்துப்போடாதே" என்கிறார். பக்கத்து வீட்டு ஐயாவோ "உது கொழும்புப் பெட்டாவில வாங்கின அச்சுக் கண்ணாடி பிள்ளை" என்கிறார். எப்படிப் பார்த்துக் கண்டுபிடிப்பது? கிண்ணத்தின் உள்ளடியில் வெள்ளையாக ஒரு மங்கல், சோப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. விளிம்பில் ஒரு பல் கொஞ்சம் சிதறியிருக்கிறது, ரவுனில் கண்ணாடி வெட்டுகிற கடையில் அரைத்துத் தருகிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பழஞ்சாமான்:

தங்கச்சி, கடைக்குக் கொடுக்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் ஆறுதலாகக் கதைக்கலாம்.

கிறீன் கதை சரிவராது. அவர் யாழ்ப்பாணம் வந்தது 1847இல், கடைசியாக ஊரை விட்டுப் போனது 1873இல். நீங்கள் சொல்கிற மாதிரி இடைவெளியே இல்லாமல் நட்சத்திரமும் விசிறியும் அடைத்து வெட்டுகிற பாணி அமெரிக்காவில் சூடு பிடித்தது அதற்குப் பிறகுதான். 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியிலிருந்து முதலாம் உலகப் போர்க்காலம் வரை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். போர் வந்ததும் ஈயம் குண்டுக்குப் போய்விட்டது, இந்தக் கண்ணாடிக்கு ஈயம் இல்லாமல் முடியாது, அதற்கு முன்பே மலிவு அச்சுக் கண்ணாடியும் சந்தையைப் பிடித்திருந்தது. ஆகவே கிண்ணம் அமெரிக்கச் சாமானாகவே இருந்தாலும் கிறீன் கை பட்டதாக இருக்காது. ஆனால் மிஷன்காரர் அவரோடு நின்றுவிடவில்லை. 1816இல் வந்தவர்கள், வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய் என்று பிறகும் பல காலம் இருந்தார்கள், பின்னால் வந்த ஒருவர் கொண்டுவந்திருக்கலாம். மலாயாவில் வேலை பார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பினவர்களின் வீடுகளிலும் நிறையக் கட் கிளாஸ் இருந்தது, நான் பார்த்தவரையில் அவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்து அல்லது பொஹீமியாச் சாமான்கள். யார் கொடுத்தார் என்பதை விட்டுவிட்டுக் கண்ணாடியையே கேளுங்கள், அது பொய் சொல்லாது.

வெட்டினதா அச்சில் ஊற்றினதா என்று பார்க்கப் பூதக்கண்ணாடியும் விரலும் போதும். வெட்டின கண்ணாடியில் வரம்புகள் விரல் நுனியைக் கடிக்கும், அச்சுக் கண்ணாடியில் வழுவழுவென்று உருண்டு போயிருக்கும். அச்சு இரண்டாகத் திறந்த இடத்தில் மயிர்க்கோடு மாதிரி ஒரு தையல் ஓடும், விளிம்பருகில் தேடுங்கள். பிறகு உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். உண்மையாக வெட்டியதென்றால் உள்பக்கம் மட்டமாக இருக்கும். வெளியில் நட்சத்திரம் இருக்கிற இடத்துக்கு நேரே உள்ளே மெல்லிய மேடு பள்ளம் தட்டுப்பட்டால் அது பாதி அச்சு: 1900ஐ ஒட்டிய காலத்தில் செலவைக் குறைக்க, வெட்டுவதற்கு முன்னான வெறுங்கண்ணாடியிலேயே கோலத்தை அழுத்தி எடுத்துவிட்டு மேலே மட்டும் சக்கரம் பிடித்தார்கள்.

நட்சத்திரத்தையும் கிட்டப் பாருங்கள். கையால் வெட்டியதில் இரண்டு விசிறி ஒரே அளவில் இருக்காது, ஒரு கோடு சந்திக்கிற இடத்தைக் கொஞ்சம் தாண்டிப் போயிருக்கும். ஏனென்றால் வெட்டுகிறவர் பாத்திரத்தைச் சக்கரத்தின் மேல் அழுத்திப் பிடித்து, உள்ளிருந்து கண்ணாடிக்கு ஊடாகப் பார்த்தே வெட்டுவார். இரும்புச் சக்கரத்தில் ஈர மணல் சொட்டச் சொட்ட முதல் வெட்டு, பிறகு கல் சக்கரத்தில் அதே கோட்டை மறுபடி ஓட்டிச் சொரசொரப்பை எடுப்பது, கடைசியில் மரச் சக்கரத்தில் நுரைக்கல் பொடியோடு மினுக்குவது. பழைய மரச் சக்கர மினுக்கில் வெட்டுப் பள்ளத்துக்குள் மெல்லிய கீற்றுகள் தெரியும். பின்னால் அமிலத்தில் முக்கி ஒரேயடியாகப் பளபளப்பாக்கினார்கள், அதில் கீற்று இருக்காது, கொஞ்சம் மெழுகு பூசின சாயல் வரும். எனக்கு முந்தையதுதான் பிடிக்கும், ஆனால் இது என் தனிப்பட்ட பித்து.

ஸ்காபரோ அக்கா:

அண்ணை சொன்னது சரி, நான் செய்த நிறுவனத்தின் முத்திரை விஷயத்தைச் சேர்க்கிறேன். இங்கே கனடாவில் வீட்டுச் சாமான் விற்பனைகளில் இந்தக் கிண்ணங்கள் அடிக்கடி வரும், வெளிச்சத்தில் சரித்துச் சரித்துப் பார்க்கிறதுதான் என் வேலை. முத்திரை அமிலத்தால் பொறித்தது, பொடியாக இருக்கும், நேராகப் பார்த்தால் தெரியவே தெரியாது. கிண்ணமென்றால் உள்ளே நடுவில் தேடுங்கள். அமெரிக்காவின் டொலீடோ நகரத்து லிப்பி நிறுவனத்துக்குப் பெயரும் கீழே ஒரு வாளும். நியூயோர்க் மாநிலத்துக் கோர்னிங் ஊரில் 1880இல் தொடங்கிய ஹோக்ஸ் நிறுவனத்துக்கு மூவிலை வடிவமும் இரண்டு பருந்தும். அதே ஊர் ஜே. ஹோர் நிறுவனத்தின் வட்ட முத்திரைக்குள் 1853 என்று இருக்கும், அதைப் பார்த்துவிட்டு "1853இல் செய்தது" என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள், அது நிறுவனத்தின் ஆண்டு மட்டும்தான். முத்திரை இல்லையென்றால் மனம் தளர வேண்டாம், பெரும்பாலான நல்ல சாமான்களிலேயே இல்லை. வெள்ளை மாளிகைக்கு 1891இல் பென்சில்வேனியாவின் டோர்ஃப்லிங்கர் நிறுவனம் செய்து கொடுத்த தொகுதி ரஷ்யன் என்ற கோலத்தில் வெட்டியது, அந்தக் கோலத்துக்கு 1882இல் காப்புரிமை எடுத்தது ஹோக்ஸ் பக்கம். கோலத்தை மட்டும் வைத்து நிறுவனத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு அதுவே போதும். போலி முத்திரையும் உண்டு, கவனம்.

புறஊதா (UV) ரோச் லைற் கிடைத்தால் இருட்டறையில் அடித்துப் பாருங்கள். அந்தக் காலத்து அமெரிக்கக் கண்ணாடி பெரும்பாலும் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும், புதிதாகச் செய்ததில் ஊதா அல்லது இளஞ்சிவப்புச் சாயல் வரும். இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், மற்றவற்றோடு சேர்த்துப் பாருங்கள்.

மாமா கனடாவில் வாங்கிக் கொண்டுவந்த துண்டு ஏதும் அலுமாரியில் கலந்திருக்கிறதா? ரொறன்ரோவில் ரோடன் பிரதர்ஸ் போன்ற நிறுவனங்களும் இதே பாணியில் வெட்டின, அமெரிக்கச் சாமான் என்றே பலர் நினைத்து வாங்குவார்கள். விலையைப் பற்றி மாமாவிடம் வாதாட வேண்டாம், ஆனால் ஒரு தலைமுறைக்கு முன் இருந்த விலை இப்போது இல்லை. கனமான சாமானை இளம் ஆட்கள் வீட்டில் வைக்க விரும்புவதில்லை. பழஞ்சாமான் சேர்க்கிறவர்களுக்கு நல்ல காலம், விற்கிறவர்களுக்கு இல்லை.

மானிப்பாய்ப் பேத்தி:

அண்ணை, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. பார்த்தேன். நீளத் தட்டில் தையல் கோடு இருக்கிறது, பக்கத்து வீட்டு ஐயா அதில் வென்றுவிட்டார். கிண்ணத்தில் இல்லை. உள்ளே மட்டமாக இருக்கிறது, ஒரு விசிறியின் கடைசிக் கீற்று மற்றவற்றைவிட நீளமாக ஓடியிருக்கிறது. முத்திரை எதுவும் தெரியவில்லை. ரோச் கொழும்பில் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். அந்த மங்கலுக்கு என்ன செய்வது? அம்மா அதில் பண்டிகைக்குப் பாயசம் ஊற்றி வைக்கலாமா என்று கேட்கிறார்.

பழஞ்சாமான்:

பாயசமா! கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அங்கேயே வெடித்துப்போகும், இந்தக் கண்ணாடி தடிப்பு, சூட்டையும் குளிரையும் சட்டென்று தாங்காது. பிரிட்ஜுக்குள்ளும் வைக்க வேண்டாம். ஈயம் கலந்த கண்ணாடி என்பதால் ஊறுகாய், தேசிக்காய்ச் சாறு, வைன் எதையும் ஊற்றிச் சேமிக்கக் கூடாது, புளிப்பு ஈயத்தை இழுக்கும். விருந்தாளி வந்த நேரம் மாம்பழமோ திராட்சையோ முழுதாக அடுக்கி வைத்துப் பிறகு எடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

மங்கல் அநேகமாக எங்கள் கிணற்றுத் தண்ணீர் செய்த வேலை. சுண்ணக்கல் பூமி, கேத்தலுக்குள் படிகிற அதே வெள்ளைதான் இங்கேயும் படியும். ஒரு பிளாஸ்ரிக் பேசினில் அடியில் துவாய் விரித்து, கிண்ணத்தை வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வெள்ளை வினிகர் கலந்து உள்ளடியில் ஊற்றிச் சற்று நேரம் விடுங்கள், பழைய மெல்லிய தூரிகையால் தேயுங்கள், பிறகு நன்றாகக் கழுவுங்கள். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் இருந்தால் அதைப் பாவியுங்கள், காயும்போது புதுப் புள்ளி விழாது. மண், சாம்பல், இரும்புத் தும்பு மூன்றும் ஆகாது. வினிகருக்கும் போகாவிட்டால் கண்ணாடியே நோய்ப்பட்டு அரித்திருக்கிறது என்று அர்த்தம், அது கழுவிப் போகாது, மினுக்கித்தான் எடுக்க வேண்டும், அதற்கு அனுபவமுள்ள ஆள் வேண்டும்.

உடைந்த பல்லும் அப்படித்தான். சன்னல் கண்ணாடி அரைக்கிற சக்கரத்தில் வைத்தால் அந்த ஒரு பல்லைச் சமப்படுத்த விளிம்பு முழுக்கக் குறைத்துவிடுவார்கள், வாள்ப்பல் போய் மொட்டை விளிம்பாகிவிடும். சேர்க்கிறவர்கள் சின்னச் சிதறலை மன்னிப்பார்கள், குறைத்த விளிம்பை மன்னிக்க மாட்டார்கள். அப்படியே விடுங்கள்.

ஸ்காபரோ அக்கா:

தட்டு அச்சுக் கண்ணாடி என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம் தங்கச்சி. அச்சுக் கண்ணாடியைத் தேடிச் சேர்க்கிற ஆட்கள் தனியாக இருக்கிறார்கள், படம் போடுங்கள், அடிப்பக்கத்தையும் தையல் ஓடுகிற இடத்தையும் கிட்ட எடுங்கள். கிண்ணத்துக்கு ரோச் அடித்ததும் என்ன நிறம் என்று எழுதுங்கள்.