தமிழ்ப் பெயருள்ள கோப்புகள்: உபுண்டு டெர்மினலில் மூன்று சிக்கல்கள்

கேள்வி – புதுமுனையம்

உபுண்டு 24.04. விண்டோஸில் இருந்த பாடக் கோப்புகளைப் பென்டிரைவ் வழியாகக் கொண்டுவருகிறேன். டெர்மினல் பழக வேண்டும் என்பதால் மவுஸைத் தொடவில்லை. மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

1. 'சிடி பழைய பாடங்கள்' என்று கொடுத்தால் 'டூ மெனி ஆர்க்யுமெண்ட்ஸ்' என்கிறது. ஃபோல்டர் கண்முன்னே இருக்கிறது.

2. 'சிபி -ஆர்' போட்டு நகலெடுத்தால் சில கோப்புகளுக்கு மட்டும் 'ஃபைல் நேம் டூ லாங்' என்று வருகிறது. விண்டோஸில் இதே கோப்புகள் ஒழுங்காகத் திறந்தன.

3. நான்கு படங்களைப் பென்டிரைவிலிருந்து ஒவ்வொன்றாக 'எம்வி பூ1.ஜேபிஜி ~/படங்கள்' என்ற மாதிரி நகர்த்தினேன். பிழை எதுவும் வரவில்லை. இப்போது 'சிடி ~/படங்கள்' என்றால் 'நாட் எ டைரக்டரி'. பென்டிரைவிலும் படங்கள் இல்லை.

மூன்றாவதுதான் அவசரம்.

பதில் 1 – கருந்திரை

கட்டளைகளை நானும் உங்களைப் போல ஒலிப்படியே எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்து. லினக்ஸுக்குப் பெரிய எழுத்து வேறு, சிறிய எழுத்து வேறு.

முதலாவது எளிது. கட்டளையின் ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதை பாஷ் (நீங்கள் தட்டும் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) இடைவெளியை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. 'பழைய' ஒன்று, 'பாடங்கள்' இன்னொன்று என எடுத்துக்கொண்டு, எந்த ஃபோல்டருக்குப் போவது என்று தெரியாமல் நிற்கிறது. பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் கொடுங்கள். அதைவிட நல்லது, 'சிடி ப' வரை தட்டிவிட்டு டேப் விசையை அழுத்துவது. மீதிப் பெயரையும், இடைவெளிக்கு முன் வரவேண்டிய பின்சாய்கோட்டையும் பாஷே போட்டுவிடும். ஒன்றும் நிரம்பாவிட்டால் இரண்டு முறை அழுத்துங்கள், பொருந்தும் பெயர்கள் எல்லாம் பட்டியலாக வரும்.

இரண்டாவதில் பிழை உங்களுடையது அல்ல. விண்டோஸின் கோப்பு முறைமையான (வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு பெயருக்கு 255 குறியீடுகள் வரை இடம் உண்டு. உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4-இல் எல்லை 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும் என்பதால் ஆங்கிலப் பெயர் வைப்பவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடு. சோதித்துப் பாருங்கள்:

எக்கோ -என் 'கணிதம்' | டபிள்யூசி -எம்
எக்கோ -என் 'கணிதம்' | டபிள்யூசி -சி

முதல் வரி குறியீடுகளை எண்ணி 6 காட்டும், இரண்டாவது பைட்டுகளை எண்ணி 18. கண்ணுக்குத் தெரிவது நான்கே எழுத்து. இந்தக் கணக்கில் 255 பைட்டுக்குள் 85 குறியீடுகள்தான் அடங்கும், அதாவது சுமார் 50 எழுத்து. பாடம், அலகு, ஆண்டு, ஆசிரியர் குறிப்பு என்று எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதினால் எளிதில் தாண்டிவிடும்.

எந்தெந்தக் கோப்பு நின்றுபோனது என்று திரையில் தேட வேண்டாம். பிழைச் செய்திகளை மட்டும் தனியே பிடிக்கலாம்:

சிபி -ஆர் /மீடியா/பயனர்/பென்/பாடங்கள் ~/ 2> ~/பிழை

இங்கே '2>' என்பது பிழை வரும் தடத்தை மட்டும் கோப்புக்குத் திருப்பும். ஒரு கோப்பு தோற்றாலும் சிபி நிற்காது, மற்றவற்றை முடித்துவிடும். பிறகு 'லெஸ் ~/பிழை' என்று படித்து, பென்டிரைவில் அந்தப் பெயர்களைச் சுருக்கிவிட்டு 'சிபி -ஆர்யூ' கொடுங்கள். -யூ இருப்பதால் ஏற்கெனவே வந்தவற்றை விட்டுவிட்டு விடுபட்டவற்றை மட்டும் எடுக்கும்.

பதில் 2 – நடுநிசிக்கர்னல்

கருந்திரை சொன்னது எல்லாம் சரி, ஆனால் வரிசையை மாற்றுங்கள். பென்டிரைவில் இப்போது எதையும் பெயர்மாற்ற வேண்டாம். அங்கே ஒரு எழுத்து எழுதினாலும் போன படங்களின் மேல் விழ வாய்ப்புண்டு.

நடந்தது இதுதான். '~/படங்கள்' என்ற ஃபோல்டர் இருக்கவே இல்லை. இல்லாத பெயரை இலக்காகக் கொடுத்தால், அதைப் புதுப் பெயராக எம்வி எடுத்துக்கொள்ளும். முதல் படம் 'படங்கள்' என்ற கோப்பானது. இரண்டாவது அதன் மேல் விழுந்தது, அப்படியே மூன்றாவது, நான்காவது. எம்வி கேட்காது, எச்சரிக்காது. 'ஃபைல் ~/படங்கள்' என்று கொடுத்துப் பாருங்கள், 'ஜேபெக் இமேஜ் டேட்டா' என்று சொல்லும். அது உங்கள் நான்காவது படம், பத்திரமாக இருக்கிறது. முதலில் அதற்குப் பழைய பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

மற்ற மூன்றையும் வீட்டு அடைவில் ('~' குறிக்கும் உங்கள் சொந்த ஃபோல்டர்) தேடிப் பயனில்லை, பென்டிரைவில் தேடுங்கள். ஒரு வட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எம்வி செய்வது நகலெடுத்தலும் பிறகு மூலத்தை அழித்தலும்தான். அழித்தல் என்பது பட்டியலிலிருந்து பெயரை நீக்குவது. வேறெதுவும் மேலே எழுதப்படாதவரை படத்தின் தரவு அங்கேயே கிடக்கும்.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டெஸ்ட்டிஸ்க்
யூமவுண்ட் /மீடியா/பயனர்/பென்
சூடோ ஃபோட்டோரெக்

'சூடோ' என்பது நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது. டெஸ்ட்டிஸ்க்கை நிறுவினால் அழிந்த படங்களை மீட்கும் ஃபோட்டோரெக்கும் கூடவே வரும். யூமவுண்ட் பென்டிரைவைக் கணினியின் பயன்பாட்டிலிருந்து விடுவிக்கும். அதில் முதல் எழுத்து 'யூ', அதன் பின் நேராக 'எம்'. இடையில் 'என்' சேர்த்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வரும். கடவுச்சொல் தட்டும்போது திரையில் நட்சத்திரம்கூட வராது, தட்டிவிட்டு என்டர் கொடுங்கள். ஃபோட்டோரெக்கில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து, 'ஃபைல் ஆப்ட்'டில் ஜேபிஜி மட்டும் வைத்து, கோப்பு முறைமைக்கு 'அதர்', தேடும் இடத்துக்கு 'ஃப்ரீ'. சேமிக்கும் இடம் கட்டாயம் உங்கள் வீட்டு அடைவாக இருக்கட்டும், பென்டிரைவ் கூடவே கூடாது.

இனிமேலுக்கு: முதலில் 'எம்கேடிர் -பி ~/படங்கள்' என்று ஃபோல்டரை உருவாக்குங்கள். இலக்கின் கடைசியில் எப்போதும் சாய்கோடு, '~/படங்கள்/'. ஃபோல்டர் இல்லையென்றால் அந்தச் சாய்கோடு ஒன்றே எம்வியை நிறுத்திவிடும்.

பதில் 3 – கருந்திரை

ஆம், பென்டிரைவைத் தொடக் கூடாது என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டேன். நன்றி. சாய்கோட்டுடன் 'எம்வி -ஐ'யும் பழகலாம், மேலெழுதும் முன் கேட்கும். அதையே ஏலியாஸாக (ஒரு கட்டளைக்கு நாமே வைக்கும் மாற்றுப் பொருள்) பாஷின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் போட்டுவிட்டால் மறந்தாலும் காக்கும்.

பதில் 4 – நடுநிசிக்கர்னல்

ஏலியாஸ் எனக்கு உடன்பாடில்லை. சூடோ போட்டால் அது வேலை செய்யாது, இன்னொருவர் கணினியில் இருக்காது. அது காக்கும் என்று நம்பிய கை அங்கே போய் அடிபடும். சாய்கோடு எல்லாக் கணினியிலும் உடன் வரும்.

புதுமுனையம்

மூன்று படங்களும் கிடைத்தன! கூடவே எப்போதோ அழித்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். எஃப்-இல் தொடங்கும் எண்கள்தான் பெயராக இருக்கின்றன, டி-இல் தொடங்கும் சின்னப் படங்களும் நிறைய. இன்னொன்று: 'கொடிகள்' என்ற ஃபோல்டருக்குப் போக முழுப் பெயரையும் சரியாகத் தட்டினாலும் 'நோ சச் ஃபைல்' என்கிறது. மேற்கோளும் போட்டுப் பார்த்தேன்.

பதில் 5 – கருந்திரை

'கொ' இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். ஒரே குறியீடாக 'ொ', அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் ஒன்றுபோலவே தெரியும், லினக்ஸுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர். தட்டச்சுக் கருவி ஒரு விதமாகவும் பெயரை வைத்த மென்பொருள் இன்னொரு விதமாகவும் எழுதியிருக்கும். இப்போதைக்கு 'சிடி க*' என்று போங்கள், க-வில் தொடங்குவது அது ஒன்றே என்றால் நேரே சேரும். எல்லாப் பெயர்களையும் ஒரே விதமாக்க கான்வ்எம்வி என்ற நிரல் உண்டு. -ஆர் -எஃப் யுடிஎஃப்8 -டி யுடிஎஃப்8 --என்எஃப்சி என்று, கடைசியில் ஃபோல்டரின் பெயரோடு கொடுத்தால் என்ன மாறும் என்று மட்டும் காட்டும். பட்டியல் சரியாக இருந்தால் --நோடெஸ்ட் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

பதில் 6 – நடுநிசிக்கர்னல்

டி-இல் தொடங்குபவை படங்களுக்குள் பொதிந்திருந்த சிறுபடங்கள், அழிக்கலாம். முதலில் 'எல்எஸ் டி*.ஜேபிஜி' கொடுத்துப் பட்டியலைப் படியுங்கள். பிறகு மேல்அம்புக்குறியால் அதே வரியை வரவழைத்து 'எல்எஸ்'ஸை மட்டும் 'ஆர்எம் -ஐ' ஆக்குங்கள். புதிதாகத் தட்ட வேண்டாம். டி-க்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்தால் 'டி' ஒரு கோப்பாகவும் '*.ஜேபிஜி' எல்லாப் படங்களாகவும் போய்விடும், மீட்ட மூன்றும் அதில் சேர்த்தி. கோப்புகள் ரூட் (நிர்வாகி) பெயரில் இருந்தால் அழிக்கும் முன் 'சூடோ சௌன்' கொண்டு உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.